கல்லூரி வாசலா, கணினித் திரையா?



இன்டர்மீடியட் தேர்வு முடிவுகள் வெளியாகிவிட்டால் நம்முடைய வீடுகளில் ஒரே பேச்சுதான்: பிள்ளையை அடுத்து என்ன படிக்க வைப்பது? முன்பெல்லாம் எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்ற இரண்டையும் தீர்மானித்தால் போதுமாயிருந்தது. இப்பொழுது மூன்றாவதாக ஒரு கேள்வி சேர்ந்திருக்கிறது. கல்லூரிக்கு அனுப்பத்தான் வேண்டுமா? வீட்டிலிருந்தபடியே இணையவழியில் பட்டம் வாங்கலாமே! கட்டணம் குறைவு, போக்குவரத்துச் செலவு இல்லை, பிள்ளையும் நம் கண்முன்னே இருக்கும்.

நாச்சாரம், மல்லாப்பூர், மௌலாலி பகுதிகளில் தொழிற்கூடங்களை நம்பிப் பிழைக்கவந்த நம்மவர்களுக்கு இது அற்பமான கேள்வி அல்ல. ஒரு குடும்பத்தின் சேமிப்பும், ஒரு பிள்ளையின் வாலிபத்தில் மூன்று அல்லது நான்கு ஆண்டுகளும் இதில் அடங்கியிருக்கின்றன. போன ஆண்டுகளைத் திரும்ப வாங்க முடியாது. ஆகையால், விளம்பரங்களைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, இம்மாதம் இதை நிதானமாக ஆராய்ந்து பார்ப்போம்.

ஒரே நகரத்தில் இரண்டு பாதைகள்

இந்தக் கேள்வியைச் சிந்திப்பதற்கு ஹைதராபாத்தைவிடப் பொருத்தமான நகரம் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகமே. நாச்சாரத்திலிருந்து ஹப்சிகூடா, தார்நாகா வழியாகச் சென்றால் உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் பரந்த வளாகம் வந்துவிடுகிறது. 1918ஆம் ஆண்டு நிஜாம் மீர் உஸ்மான் அலிகான் காலத்தில் தோன்றிய பல்கலைக்கழகம் அது. உயர்கல்வி என்றாலே ஆங்கிலம் என்றிருந்த நாட்களில், உருது மொழியில் உயர்கல்வி புகட்ட முன்வந்தது. 1939ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அதன் கலைக்கல்லூரிக் கட்டடத்தை நம்மில் அநேகர் பேருந்தில் போகும்போது பார்த்திருப்போம்.

இதே நகரத்தில்தான் 1982ஆம் ஆண்டு ஆந்திரப் பிரதேசத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. இந்தியாவின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அதுவே. 1991இல் டாக்டர் அம்பேத்கரின் பெயரைப் பெற்றது. முறையான பள்ளிப் படிப்பு இல்லாதவர்களும் தகுதித் தேர்வு எழுதிப் பட்டப்படிப்பில் சேரலாம் என்று அது தொடக்கத்திலேயே கதவைத் திறந்து வைத்தது. வேலைக்குப் போகிறவர்கள், வீட்டுப் பொறுப்பைச் சுமக்கும் பெண்கள், கல்லூரியே இல்லாத சிற்றூர்களில் வசித்தவர்கள் எனக் கல்லூரி வாசலை மிதிக்க இயலாத அநேகருக்கு அதனால் வழி பிறந்தது.

இங்கே கவனிக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. அந்தத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராயிருந்த பேராசிரியர் ஜி. ராம் ரெட்டி, அதற்கு முன்பு உஸ்மானியாவின் துணைவேந்தராயிருந்தவர். 1985இல் டில்லியில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உருவானபோது அதற்கும் அவரே முதல் துணைவேந்தரானார். இன்று உஸ்மானியா வளாகத்துக்குள்ளேயே இயங்கும் தொலைநிலைக் கல்வி மையம் அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது. வளாகத்தின் அருமையை நன்கு அறிந்த ஒருவரே, வளாகத்துக்கு வர இயலாதவர்களுக்காக இன்னொரு வாசலைத் திறந்தார். ஆகையால் இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையான பாதைகள் அல்ல. யாருக்கு, எந்த வயதில், எது ஏற்றது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

திரை எதைத் தருகிறது?

இணையவழிக் கல்வி நமக்குச் செய்திருக்கும் நன்மையை மறைப்பது நியாயமாகாது. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்.பி.டெல். திட்டம், பெரிய பேராசிரியர்களின் விரிவுரைகளை யாரும் கேட்கும்படி இலவசமாக்கியது. 2017இல் மத்திய அரசு 'ஸ்வயம்' தளத்தைத் தொடங்கியது. 2020இல் சென்னை ஐ.ஐ.டி. தரவு அறிவியலில் இணையவழிப் பட்டப்படிப்பைக் கொண்டுவந்தது. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களில் முறைப்படி பெறும் தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள், நேரடியாகக் கல்லூரியில் பெறும் பட்டங்களுக்குச் சமமானவை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் தெளிவுபடுத்தியும் இருக்கிறது. சுருங்கச் சொன்னால், பாடமும் பட்டமும் இன்று திரைவழியே கிடைக்கின்றன.

ஆனால் பாடம் கிடைப்பது வேறு, அதைப் படித்து முடிப்பது வேறு. 2011இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் செயற்கை நுண்ணறிவு பற்றிய ஒரு பாடத்தை இணையத்தில் இலவசமாக நடத்தினார்கள். ஏறக்குறைய 1,60,000 பேர் பதிவு செய்தார்கள். முடித்தவர்கள் சுமார் 23,000 பேர். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய இணையப் பாடங்களைப் பற்றி 2019இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. 2017-18இல் அவற்றில் சேர்ந்தவர்களுள் 100க்கு ஏறக்குறைய 3 பேரே முடித்திருந்தார்கள். இவை இலவசப் பாடங்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்களும் இதில் உண்டு, ஆகையால் இந்தக் கணக்கை அப்படியே பட்டப்படிப்புக்குப் பொருத்துவது சரியல்ல. எனினும் ஒன்று விளங்குகிறது. உலகத்தின் மிகச் சிறந்த ஆசிரியர்கள் கற்பித்தும் அநேகர் பாதிவழியில் நின்றுவிட்டார்கள். வகுப்புக்கு வராவிட்டால் "ஏன் வரவில்லை?" என்று கேட்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை.

தொலைவிலிருந்து கற்பிக்கப் புறப்பட்டவர்களே இதை முதலில் உணர்ந்தார்கள். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971இல் வகுப்புகளைத் தொடங்கியபோது, தபாலையும் தொலைக்காட்சியையும் மாத்திரம் நம்பவில்லை. கோடை விடுமுறையில் மாணவர்களை ஓரிடத்தில் தங்கவைத்துப் பள்ளி நடத்தியது. நம்முடைய அம்பேத்கர் பல்கலைக்கழகம் ஊர்தோறும் படிப்பு மையங்களை ஏற்படுத்தி நேரடி வகுப்புகளை வைத்தது. சென்னை ஐ.ஐ.டி.யும் தன் இணையவழி மாணவர்களை நம் நாட்டுக் காடுகளின் பெயர் சூட்டிய குழுக்களாகப் பிரித்திருக்கிறது. தேர்வுகளை நேரடி மையங்களில் எழுதவைக்கிறது. ஆண்டுதோறும் வளாகத்தில் விழா நடத்தி அவர்களை ஒன்றுகூட்டுகிறது. வளாகம் இல்லாமல் கற்பிக்கத் துணிந்த ஒவ்வொருவரும், கடைசியில் வளாகத்தில் ஒரு துண்டையாவது கட்டவேண்டியதாயிற்று. அப்படியானால் வளாகத்தில் பாடத்துக்கு அப்பாற்பட்ட ஏதோ ஒன்று இருக்கத்தானே வேண்டும்?

வளாகம் எதைத் தருகிறது?

அமெரிக்காவில் 2014இல் கேலப் நிறுவனமும் பர்டூ பல்கலைக்கழகமும் இணைந்து 30,000க்கும் மேற்பட்ட பட்டதாரிகளிடம் விசாரித்தன. என்மேல் அக்கறை கொண்ட ஆசிரியர் ஒருவர் இருந்தார், கற்பதில் ஆர்வத்தை மூட்டிய ஆசிரியர் ஒருவர் இருந்தார், என் கனவுகளுக்கு ஊக்கமளித்த வழிகாட்டி ஒருவர் இருந்தார் என்று மூன்றையும் சொல்லக்கூடியவர்கள், பிற்காலத்தில் தங்கள் வேலையில் ஈடுபாட்டோடிருக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் அதிகமாயிருந்தது. ஆனால் மூன்றும் கிடைத்ததாகச் சொன்னவர்கள் 100க்கு 14 பேரே. இதில் இரண்டு பாடங்கள் உண்டு. நம் பிள்ளையின் பெயரை அறிந்த ஓர் ஆசிரியர் பெரிய செல்வம். அந்தச் செல்வம் எல்லாக் கல்லூரிகளிலும் தானாகக் கிடைத்துவிடுவதில்லை. இந்த இரண்டாவது பாடத்துக்குப் பிறகு வருவோம்.

ஊரைவிட்டு வந்தவர்களாகிய நமக்கு வளாகம் தரும் நன்மை இன்னும் ஒரு படி அதிகம். சிந்தித்துப் பாருங்கள். பரம்பரையாய் இந்த நகரத்தில் வாழும் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு, மாமா ஒரு வழக்கறிஞர், அத்தை ஒரு வங்கி அதிகாரி, அப்பாவின் நண்பர் ஒரு நிறுவனத்தின் மேலாளர். அந்தப் பிள்ளை வீட்டிலிருந்து இணையவழியில் படித்தாலும், வேலைக்கு எப்படி விண்ணப்பிப்பது, நேர்காணலில் எப்படிப் பேசுவது, எந்த மேற்படிப்புக்கு எதிர்காலம் உண்டு என்று சொல்லிக்கொடுக்க வீட்டுக்கூடத்திலேயே ஆட்கள் இருக்கிறார்கள். நம் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் தொழிற்கூடத்தின் சூப்பர்வைசரும், ஊரிலிருந்து கூடவந்த நான்கு பேரும்தான். அறிமுகமில்லாத மனிதரை நம் பிள்ளை அறிமுகமாக்கிக்கொள்ளும் இடம் கல்லூரி ஒன்றே. பக்கத்து இருக்கையில் அமரும் நண்பனின் அண்ணன் எந்தப் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறான், எந்த உதவித்தொகைக்கு எப்பொழுது விண்ணப்பிக்கவேண்டும் என்பனவெல்லாம் காதோடு காதாய் வந்துசேரும் செய்திகள். இவற்றை எந்தப் பாடத்திட்டத்திலும் அச்சிடுவதில்லை.

ஆகவேதான் சொல்கிறேன்: இணையவழிப் பட்டம் மலிவானது என்பது பாதி உண்மையே. கட்டணத்தில் மிச்சமாவதை ஏழைப் பிள்ளை வேறு வகையில் செலுத்துகிறது. வசதியுள்ளவர்கள் வளாகத்தை இழந்தால் சிறிது இழப்பார்கள். நம் பிள்ளைகள் இழந்தால் அதிகம் இழப்பார்கள்.

மொழியையும் நினைத்துப் பாருங்கள். நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ், சபையில் தமிழ், தெருவில் அரைகுறைத் தெலுங்கு என்று வளர்கிறார்கள். கல்லூரியில் நல்கொண்டாவிலிருந்தும் அதிலாபாத்திலிருந்தும் பழைய நகரத்திலிருந்தும் வரும் பிள்ளைகளோடு மூன்று ஆண்டுகள் பழகும்போது தெலுங்கும் உருதுவும் நாவில் படிகின்றன. இந்த மாநிலத்தில் பிழைக்கப்போகிற பிள்ளைக்கு அது சிறிய காரியமா? அதைவிட மேலாக, "நான் வெளியூர்க்காரன்" என்ற கூச்சம் நீங்கி, "இது என்னுடைய நகரம்" என்ற துணிவு பிறக்கிறது.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மகளை வீட்டில் வைத்துப் படிக்கவைப்பது பாதுகாப்பு என்று நினைக்கிறோம். ஆனால் வீட்டிலிருக்கும் மகளுக்குப் படிக்கும் நேரம் என்று ஒன்று உண்டா? எரிவாயு சிலிண்டர் வந்தால் அவளைத்தான் அழைக்கிறோம். தம்பியைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவதும், பாட்டிக்கு மருந்து கொடுப்பதும், மதியச் சமையலும் அவள்மேல் விழுகின்றன. மடிக்கணினியில் வகுப்பு ஓடிக்கொண்டிருக்க, அவள் அடுப்படியில் நிற்கிறாள். காலையில் புறப்பட்டுப் பேருந்தேறும் மகளுக்கு மாத்திரமே ஒரு நாளில் ஐந்தாறு மணி நேரம் சொந்தமாய்க் கிடைக்கிறது. போக்குவரத்துச் செலவு என்ற தடையும் இன்று பெரிதல்ல. தெலங்கானாவில் 2023 டிசம்பரில் 'மகாலட்சுமி' திட்டம் தொடங்கியபோது, அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. பெண்கள் மாத்திரம் படிக்கும் இடம் வேண்டுமென்போருக்கு, கோட்டியிலுள்ள பழைய மகளிர் கல்லூரி 2022இல் மகளிர் பல்கலைக்கழகமாகவே உயர்ந்திருக்கிறது.

பெற்றோரின் அச்சங்கள்

"கல்லூரிக்குப் போனால் கெட்ட சகவாசம் வந்துவிடுமே" என்பது நம் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் அச்சம். அது பொருளற்றது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசியோடு நாள் முழுவதும் இருக்கும் பிள்ளைக்குச் சகவாசம் இல்லை என்றா நினைக்கிறீர்கள்? அந்தச் சகவாசத்தின் முகத்தை நீங்கள் காணமுடியாது. கல்லூரி நண்பனையாவது ஒருநாள் வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டு, "தம்பி, எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார்?" என்று கேட்கலாம். நாம் காணக்கூடிய நட்பு காணமுடியாத நட்பைவிடப் பாதுகாப்பானது. நல்லதையும் தீயதையும் பகுத்தறியும் பழக்கம் மனிதர் நடுவில்தான் வருகிறது. பதினெட்டு வயதில் அதைப் பழகாத பிள்ளை, இருபத்திரண்டு வயதில் வேலைக்குப் போய், நம் துணையின்றி அதைப் பழகவேண்டியிருக்கும்.

போராட்டங்களால் படிப்பு கெடும் என்பது இன்னொரு அச்சம். 1969இலும், 2009 முதல் சில ஆண்டுகளும் தனித் தெலங்கானாப் போராட்டத்தின் மையமாக உஸ்மானியா இருந்ததை இந்நகரத்தில் நெடுநாள் வாழ்கிறவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வகுப்புகள் நின்றதும் உண்டு. அந்த இழப்பை இல்லையென்று சொல்லமுடியாது. அதே வேளையில், 2020 மார்ச்சில் கொரோனாவினால் எல்லாக் கல்லூரிகளும் மூடப்பட்டபோது நம் வீடுகளில் நடந்ததையும் மறக்கக்கூடாது. ஒரே கைப்பேசியை அண்ணனும் தங்கையும் பங்குபோட்டார்கள். வருகைப் பதிவு முடிந்தவுடன் அநேகர் தூங்கினார்கள். ஒரு பாடத்தில் சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லாமல் தவித்தார்கள். வீட்டுப் படிப்பு எப்படியிருக்கும் என்பதற்கு அதைவிடப் பெரிய சோதனை தேவையில்லை.

யாருக்கு இணையவழி ஏற்றது?

இதையெல்லாம் சொல்வதனால் இணையவழிக் கல்வியை வேண்டாமென்று தள்ளவில்லை. தொழிற்கூடத்தில் ஷிப்டு வேலை பார்த்துக்கொண்டு பட்டம் பெற விரும்பும் தம்பிக்கு அது வரப்பிரசாதம். பிள்ளைகள் வளர்ந்தபின் விட்ட படிப்பைத் தொடர நினைக்கும் சகோதரிக்கும், உடல்நலக் குறைவினால் தினமும் வெளியே போக இயலாதவர்களுக்கும், ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்று வேலையிலிருந்துகொண்டு இன்னொரு தகுதியைச் சேர்க்க விரும்புகிறவர்களுக்கும் அது ஏற்றதே. அப்பா படுக்கையில் விழுந்து, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகனே சம்பாதிக்க வேண்டியிருக்கும் வீட்டில் வேறென்ன வழி? படிப்பையே விட்டுவிடுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேலானது.

அப்படிப் படிக்கிறவர்களுக்கு, வளாகத்தின் ஒரு துண்டையாவது நாம் ஏற்படுத்திக் கொடுக்கவேண்டும். தினமும் ஒரே நேரம், ஒரே மேசை, குறுக்கிடாத குடும்பம் இவை முதல் தேவை. அதே பாடத்தைப் படிக்கும் இரண்டொருவரைத் தேடி வாரம் ஒருமுறையாவது நேரில் சந்திக்கட்டும். படிப்பு மையத்தின் வகுப்புகளைத் தவறவிடவேண்டாம். அஃப்சல்கஞ்சிலுள்ள மாநில மத்திய நூலகத்திலும், சிக்கடபள்ளியிலுள்ள நகர மத்திய நூலகத்திலும் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வாலிபர்கள் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருப்பதைப் போய்ப் பாருங்கள். வீட்டிலும் படிக்கலாமே! பக்கத்தில் ஒருவர் படிப்பதைப் பார்க்கும்போது நமக்கும் படிக்கத் தோன்றுகிறது, அதுதான் காரணம். வாரநாட்களில் பூட்டிக்கிடக்கும் நம் சபைக் கூடங்களில் மாலை வேளையில் ஒரு விளக்கைப் போட்டு, நான்கு மேசைகளை இட்டால், அடுத்த தெருப் பிள்ளைகளும் வந்து படிப்பார்களே!

சேர்க்குமுன் கவனியுங்கள்

இணையவழியில் சேர்ப்பதானால், அந்த நிறுவனத்துக்கும் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கும் அந்த ஆண்டுக்கான அனுமதி உண்டா என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவினுடைய தளத்தில் பாருங்கள். 2024 முதல் மாணவர் தம் பெயரில் 'டெப்' அடையாள எண் பெற்றே சேரவேண்டும் என்ற விதியும் வந்திருக்கிறது. மருத்துவம், செவிலியர் படிப்பு, சட்டம் போன்றவற்றை இம்முறையில் நடத்த அனுமதியில்லை. உளவியல், உணவு ஊட்டச்சத்து முதலிய படிப்புகளும் 2025ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து நிறுத்தப்பட்டுள்ளன. 2001க்குப் பிறகு சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் முறையான அனுமதியின்றித் தபால்வழியில் பொறியியல் பட்டம் வழங்கின. 2017 நவம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்கள் மறுபடியும் தேர்வெழுத வேண்டியதாயிற்று. அதன்பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்தாயின. உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது எத்தனை பெரிய இடி!

கல்லூரியில் சேர்ப்பதானாலும் கண்ணைமூடிக்கொண்டு சேர்க்காதீர்கள். கடைகளுக்குமேல் இரண்டு மாடிகளைப் பிடித்து, பெயர்ப்பலகை மாட்டி, தேர்வுக்கு வந்தால் போதும் என்று சொல்லும் இடத்தில் நான் சொன்ன நன்மைகளில் ஒன்றும் இல்லை. அதற்கு இணையவழியே மேல். தெலங்கானாவில் பட்டப்படிப்புச் சேர்க்கை 'தோஸ்த்' இணையதளத்தின் மூலம் நடப்பதால் வீட்டிலிருந்தே கல்லூரியைத் தேர்ந்தெடுத்துவிடலாம். ஆனாலும் வாரநாளில் ஒருநாள், காலை பதினொரு மணிக்கு, பிள்ளையோடு நேரில் போய்ப் பாருங்கள். வகுப்பு நடக்கிறதா? நூலகத்தில் பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்களா, அல்லது பூட்டு தொங்குகிறதா? ஆய்வுக்கூடத்தின் கருவிகளில் தூசி படிந்திருக்கிறதா? பெண்பிள்ளைகளுக்குச் சுத்தமான கழிப்பறை உண்டா? இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவனை நிறுத்தி, அவனுடைய ஆசிரியர்களின் பெயரைக் கேளுங்கள். தயங்காமல் சொன்னால் நல்லது. பிறகு இன்னொன்றும் கேளுங்கள்: "அவர்களில் யாருக்காவது உன் பெயர் தெரியுமா, தம்பி?" கட்டணத்தைச் செலுத்தலாமா வேண்டாமா என்பதற்கு அவன் சொல்லும் பதிலைவிட நல்ல ஆலோசனை உங்களுக்குக் கிடைக்காது.